வண்டிச் சத்தம் கேட்டால் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தில் பல ஆண்டுகளாக இட்லி அவித்து விற்கிறோம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவேன். ஆறு மணிக்குள் கணவர் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான் பக்கம் போய்விடுவார். தெருக்கடைகளை அள்ளிப்போகும் வண்டி இரண்டு முறை எங்கள் பாத்திரங்களை எடுத்துச் சென்றுவிட்டது. அதற்குப் பிறகு, கனமான வண்டி எது தெருமுனையில் திரும்பினாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வாய் உலர்ந்துபோகிறது. பகலெல்லாம் அசதி. தெரிந்தவர் சொன்னதால் மாலை நான்கு மணிக்கு ரத்தம் கொடுத்துக் கார்டிசால் பார்த்தோம். 4.8 என்று வந்தது. அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது என்று சொல்லி, மாதம் 2,400 ரூபாய்க்கு ஒரு பொடி வாங்கச் சொல்கிறார்கள். காதில் விழும் சத்தம் வயிற்றுக்குள் இருக்கும் சுரப்பியை எப்படி எட்டுகிறது? அது உண்மையிலேயே களைத்துவிட்டதா? மூட்டுவலிக்கு ஒரு வருடமாகப் பொட்டலமாகக் கட்டித் தரும் மாத்திரை போடுகிறேன். வேறு மருந்து எதுவும் இல்லை. இதை என் மகன் தட்டச்சு செய்து அனுப்புகிறான்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான விடையைச் சொல்லிவிடுகிறேன். பயத்தினாலோ உழைப்பினாலோ அட்ரினல் சுரப்பி களைத்துப்போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொன்னதுபோல் எழுதியிருக்கும் அந்தப் பொட்டல மாத்திரைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன். முழுவதையும் படித்து முடிக்கும்வரை இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள்: அந்தப் பொடியைத் தொடங்காதீர்கள், அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு சிறுநீரகங்களின் தலைமாட்டிலும் தொப்பி கவிழ்த்ததுபோல் ஒவ்வொரு அட்ரினல் சுரப்பி இருக்கிறது. ஒன்றின் எடை ஏறத்தாழ நான்கைந்து கிராம்தான். இவ்வளவு சிறிய உறுப்புக்குள் பிறப்பாலும் வேலையாலும் வேறுபட்ட இரண்டு பகுதிகள் உள்ளன. உள்ளே இருக்கும் அகணி, நரம்பு மண்டலத்தின் கிளையாகவே கருவில் உருவானது. அட்ரினலினையும் நார் அட்ரினலினையும் சுரப்பது அதுதான். அதைச் சூழ்ந்திருக்கும் புறணி முற்றிலும் வேறு திசுவிலிருந்து வந்தது. கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பது அது. மூளை இந்த இரண்டுக்கும் இரண்டு தனித்தனி வழிகளில் கட்டளை அனுப்புகிறது. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் உங்கள் படபடப்பு, அசதி, அந்த 4.8 என்ற எண் ஆகிய மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள் அல்ல என்பது விளங்கும்.

முதல் வழி, நரம்பின் வழி. சந்து முனையில் நிற்கும் பையன் ஒருவன் வண்டியைக் கண்டதும் விசில் அடிக்கிறான், அடுத்த நொடியே நீங்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வேறு ஆள் இல்லை. உடலுக்குள் நடப்பதும் அதுதான். வண்டியின் இரைச்சல் காதின் வழியாக மூளைக்குப் போனதும், அமிக்டலா என்னும் சிறு பகுதி அதைப் பழைய இழப்போடு சேர்த்து அடையாளம் கண்டுகொள்கிறது. அங்கிருந்து மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸுக்கும் மூளைத்தண்டுக்கும், பிறகு தண்டுவடத்தின் வழியே நெஞ்சுப் பகுதிக்கும் செய்தி இறங்குகிறது. தண்டுவடத்திலிருந்து புறப்படும், ஆபத்து வேளையில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு இழைகள் வேறெந்த இடைநிலையத்திலும் நிற்காமல் நேராக அட்ரினல் அகணிக்குள் நுழைகின்றன. உடலின் மற்ற உறுப்புகளுக்குப் போகும் பரிவு நரம்புகள் வழியில் ஒரு நரம்பு முடிச்சில் கைமாறித்தான் போகும். அகணிக்கு மட்டும் அந்தக் கைமாற்றம் கிடையாது. அகணியே அந்த முடிச்சின் இடத்தில் இருக்கிறது. நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கசிகிறது. அகணியின் உயிரணுக்கள் தாங்கள் முன்பே செய்து அடைத்து வைத்திருக்கும் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. மனிதரில் அப்படி வெளிவருவதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அட்ரினலின், மீதி நார் அட்ரினலின்.

சரக்கு தயாராக இருப்பதால் இவையெல்லாம் நொடிக்கணக்கில் முடிந்துவிடுகின்றன. இட்லிக் குண்டானின் மூடி கையிலிருந்து நழுவி ஆவி முகத்தில் அடித்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். கை தானாகப் பின்வாங்கிய பிறகுதான் நெஞ்சு இடிக்கத் தொடங்கியிருக்கும். முகம் கழுவி இரண்டாம் ஈடு வைப்பதற்குள் அது அடங்கியும் இருக்கும். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடுவதுதான் அதற்குக் காரணம். உங்களுக்கு வண்டிச் சத்தத்தில் வரும் படபடப்பு நீண்ட நேரம் நீடிக்கிறதென்றால், சுரப்பி அடங்காமல் சுரக்கிறது என்று பொருளல்ல. “போய்விட்டதா, திரும்பி வருமா” என்று காது கூர்ந்துகொண்டே இருக்கும் வரையில் மூளை அந்த விசிலை அடித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கை வேர்ப்பதும் வாய் உலர்வதும் பெரும்பாலும் அட்ரினலின் ரத்தத்தில் போய்ச் சேர்வதால் வருபவையும் அல்ல. அதே வேளையில் தோலுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் நேராகப் போகும் நரம்புகளின் மாற்றத்தால் வருபவை அவை.

பயம் சுரப்பியை எட்டுகிறது என்பதை முதலில் ஆய்வுக்கூடத்தில் காட்டியவர்களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் முக்கியமானவர். 1911இல் அவரும் அவருடைய உடனாய்வாளரும், குரைக்கும் நாயின் எதிரே வைத்த பூனையின் ரத்தத்தை எடுத்து, தனியே துடித்துக்கொண்டிருந்த குடல் துண்டின் மீது விட்டார்கள். அமைதியாக இருந்தபோது எடுத்த ரத்தம் பட்டால் குடல் துடித்துக்கொண்டிருந்தது. பயந்தபின் எடுத்த ரத்தம் பட்டதும் துடிப்பு அடங்கிவிட்டது. பூனை உண்மையில் கடிபடவில்லை. நாய் எதிரே நின்று குரைத்ததே போதுமானதாக இருந்தது. உங்கள் தெருமுனையில் திரும்பும் தண்ணீர் லாரியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டாவது வழி, ரத்தத்தின் வழியே போகும் தபால். ஹைபோதலாமஸ் சிஆர்ஹெச் என்ற ஹார்மோனைச் சுரந்து, அதன் கீழே தொங்கும் பட்டாணி அளவிலான பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை ரத்த ஓட்டத்தில் விடுகிறது. அது அட்ரினல் புறணியை வந்தடைந்த பிறகுதான் கார்டிசால் செய்யப்படுகிறது. இங்கே அடைத்து வைத்த சரக்கு இல்லை. கேட்ட பிறகே கொழுப்புப் பொருளிலிருந்து புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் ஒரு பயத்துக்குப் பிறகு கார்டிசால் உச்சத்தை எட்ட இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். கீழிறங்க மணிக்கணக்கு ஆகும். கார்டிசால் போதுமான அளவு வந்ததும் அதுவே மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் திரும்பிச் சென்று “போதும், நிறுத்து” என்று சொல்கிறது. இந்தத் திரும்பிச் சொல்லும் ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொட்டல மாத்திரையின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு வழிகளும் முழுதும் தனித்தவை அல்ல. பரிவு நரம்புகள் புறணியையும் தொட்டு, ஏசிடிஹெச்சுக்கு அது எவ்வளவு செவிசாய்க்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கின்றன. மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சுரப்பியை ஆள்கின்றன என்பதிலும் வியப்பான செய்தி கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்ட்ரிக்கும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பிலிருந்து நரம்புக்குப் பின்னோக்கித் தாவும் ரேபீஸ் வைரஸைக் குரங்கின் அட்ரினல் அகணியில் செலுத்தி, அது மூளையில் எங்கே போய் முளைக்கிறது என்று தேடினார்கள். உணர்ச்சியோடும் சிந்தனையோடும் தொடர்புள்ள பகுதிகளில் மட்டுமல்லாமல், உடலை அசைக்கும் பகுதிகளிலும், குறிப்பாக முதுகையும் நடுவுடலையும் அசைக்கும் இடத்திலும், அதன் தடம் இருந்தது. நினைப்பு, உணர்ச்சி, உடலசைவு ஆகிய மூன்றுக்குமே சுரப்பியோடு நரம்புத் தொடர்பு உண்டு. மனத்தில் வரும் பயம் வெறும் பிரமை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குத் தண்டுவடம் வழியாகப் போகும் பாதை இருக்கிறது.

இனி, “களைப்பு” என்ற சொல். அட்ரினல் களைப்பு என்பது 1998இல் அமெரிக்காவில் மாற்று மருத்துவர் ஒருவர் உண்டாக்கிய பெயர். 2016இல் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் இருவர் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். அட்ரினல் சுரப்பி உண்மையிலேயே செயலிழக்கும் நோய் வேறு. அது லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்தது. நம் நாட்டில் காசநோய் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதில் எடை குறையும், ரத்த அழுத்தம் தாழும், உப்பின் மேல் ஆசை பெருகும், ஈறுகளும் உள்ளங்கை ரேகைகளும் கறுக்கும். இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் 4.8ஐ எடுத்துக்கொள்வோம். கார்டிசால் நாள் முழுவதும் ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. மூளைக்குள் இருக்கும் நாட்கடிகாரம் அதை விடியலை ஒட்டி உயர்த்தி, விழித்த அரைமணி முக்கால்மணி நேரத்தில் மேலும் தூக்கி, மாலையில் பாதிக்கும் கீழே இறக்கி, நள்ளிரவை ஒட்டி அடித்தளத்துக்குக் கொண்டுவருகிறது. அறிக்கையில் அச்சிட்டிருக்கும் வரம்பு பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு உரியது. நீங்கள் ரத்தம் கொடுத்தது மாலை நான்கு மணி; அதுவும் இரவு இரண்டு மணிக்கே எழுந்துவிடும் ஒருவருக்கு அது பதினான்கு மணி நேர விழிப்பின் முடிவு. இந்த எண் தாழ்வாக இருப்பதில் அதிசயமில்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டு நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. மாதம் 2,400 ரூபாய் என்பது எத்தனை ஈடு இட்லி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது அந்த மாத்திரை. மூட்டுவலிக்கு எனக் காகிதத்தில் மடித்து, பெயரும் அட்டையும் இல்லாமல் தரப்படும் மாத்திரைகளில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருப்பதை என்னைப் போன்ற மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். இரண்டே நாளில் வலி பறந்துவிடுவதால் நோயாளிக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் ஸ்டீராய்டு என்பது கார்டிசாலின் வேலையைச் செய்யும் செயற்கை மருந்து. அது ரத்தத்தில் நிறைந்திருப்பதைக் காணும் மூளை, கார்டிசால் ஏராளமாக இருக்கிறது என்று எண்ணித் தபாலை நிறுத்திவிடுகிறது. சிஆர்ஹெச் இல்லை, ஏசிடிஹெச் இல்லை. கட்டளையே வராத புறணி மாதக்கணக்கில் சும்மா இருந்து சுருங்கிப்போகிறது. அகணிக்குக் கட்டளை நரம்பின் வழியாகப் போவதால் அந்த வழி அடைபடுவதில்லை. ஆகவே வண்டிச் சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பதும், கார்டிசால் தாழ்வாக இருப்பதும் ஒரே உடலில் ஒரே சமயத்தில் நிகழலாம். இங்கே சுரப்பி களைக்கவில்லை. அதை வெளியிலிருந்து வந்த மருந்து உறங்க வைத்திருக்கிறது. ஒரே நாளில் மருந்தை நிறுத்தினால் உறங்கும் புறணி உடனே எழுந்துகொள்ளாது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்து வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முழுவதும் மீள வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம்.

உங்கள் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பார்க்காமல் நான் முடிவு கட்டவில்லை. ஆனால் சில அடையாளங்களை வீட்டிலேயே கவனிக்கலாம். மாவு ஆட்டக் குந்தி உட்கார்ந்தவர் எழும்போது, முன்பு இல்லாத வழக்கமாகத் தரையில் கை ஊன்ற வேண்டியிருக்கிறதா? தொடையின் வலு குறைவதற்கு அது நல்ல அடையாளம். பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்த்தால் முகம் இப்போது உருண்டிருக்கிறதா? லேசாக இடித்தாலே கையில் நீலம் பாய்கிறதா? சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புதிதாக ஏறியிருக்கின்றனவா?

செய்ய வேண்டியது இது. மீதமிருக்கும் எல்லா மாத்திரைகளையும், உடைந்ததாக இருந்தாலும், மடித்த காகிதத்தோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு அல்லது மாநகராட்சி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். காலை எட்டு மணியளவில் கார்டிசால் பார்க்கச் சொல்வார்கள்; நீங்கள் இரண்டு மணிக்கு எழுபவர் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த எண் (மைக்ரோகிராம்/டெசிலிட்டர் அளவில்) மூன்றுக்கும் கீழே இருந்தால் சுரப்பு போதவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. பதினைந்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இடைப்பட்டால் ஏசிடிஹெச் ஊசி போட்டு மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பிரெட்னிசோலோன் உடம்பில் இருந்தால் பல ஆய்வகக் கருவிகள் அதையும் கார்டிசால் என்றே எண்ணிக் கூட்டிக் காட்டிவிடும். அதனால்தான் மாத்திரையின் பெயர் தெரிவது இவ்வளவு முக்கியம். அசதிக்காக ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டிய நம் பெண்களின் அசதிக்கு இந்த நான்குமே அட்ரினலைவிடப் பலமடங்கு பொதுவான காரணங்கள்.

அந்தப் பொடியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் “அட்ரினலுக்கு வலு” என்று விற்கப்பட்ட 12 பொருட்களைச் சோதித்தபோது பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோனும், பெரும்பாலானவற்றில் ஸ்டீராய்டு வகை ஹார்மோன்களும் இருந்தன. உறையில் எதுவும் எழுதப்படவில்லை. உங்களுக்கு விற்கப்படும் பொடியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஏற்கெனவே பெயர் தெரியாத ஒரு மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது பெயர் தெரியாத இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம்.

படபடப்பைப் பற்றி இன்னும் ஒன்று. வண்டிச் சத்தம் எதுவும் இல்லாமலே, திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும் குப்பென்ற வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வந்து, அப்போது ரத்த அழுத்தமும் மிக உயர்ந்திருந்தால், அகணியில் வரும் ஒரு வகைக் கட்டியைத் தேட வேண்டும். அது அரிது, அதற்குரிய பரிசோதனை மெட்டாநெஃப்ரின். உங்கள் கடிதத்தில் படபடப்பு எப்போதும் சத்தத்தைத் தொடர்ந்தே வருவதால் எனக்கு அந்த எண்ணம் வரவில்லை.

உங்கள் பயம் கற்பனையில் பிறந்ததல்ல என்பதை மறுபடியும் சொல்கிறேன். இருமுறை பாத்திரம் பறிபோன ஒருவருடைய மூளை அந்தச் சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்வது இயல்பு. தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, எடுத்துச் செல்லும் பொருட்களுக்குப் பட்டியல் தர வேண்டும். மகன் அதைப் படித்து, உங்கள் பகுதி வியாபாரிகள் சங்கத்தில் பேசட்டும். பறிபோனதை மீட்க வழி உண்டு என்று தெரிந்தாலே விசிலின் சுருதி சற்றே இறங்கும். சத்தத்தின் பயம் பல மாதங்கள் விடாமல் இருந்தால், பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் அதை மெல்ல மெல்லப் பழக்கி இறக்க முடியும். மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

முதல் ஈடு வேகும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் ஐந்து நிமிடத்தை மூச்சுக்காக ஒதுக்குங்கள். நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு கணக்காகும். மெதுவாக மூச்சு விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. வேகஸ் நரம்பு அட்ரினலை அணைத்துவிடும் என்று பலர் பேசுவது சரியல்ல. அட்ரினல் அகணியை ஆள்வது பரிவு நரம்புதான். இதயம் தணிவதே உங்களுக்குப் போதுமான பயன். இரண்டு மணிக்குக் குடிக்கும் டீ ஒன்றோடு நிற்கட்டும். வியாபாரம் முடிந்து மதியம் ஒன்றரை மணிக்கு ஜன்னலில் கனமான துணி போட்டு ஒன்றரை மணி நேரம் உறங்குங்கள். இரவு எட்டரைக்குப் படுங்கள். இரண்டையும் சேர்த்து ஏழு மணி நேரமாவது தூக்கம் கிடைத்தால் அசதி எவ்வளவு குறைகிறது என்று ஒரு மாதம் பாருங்கள்.

மருத்துவமனைக்குப் போவதற்குள் வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், எழுந்தால் தலை சுற்றி விழுவது என எது வந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாந்தியில் மாத்திரை தங்காது. உடம்புக்கோ அப்போதுதான் கார்டிசால் கூடுதலாகத் தேவைப்படும். “ஒரு வருடமாக மூட்டுவலி மாத்திரை, ஸ்டீராய்டு இருக்கலாம்” என்று ஒரு சீட்டில் மராத்தியிலும் இந்தியிலும் மகனை எழுதச் சொல்லி, உங்கள் சில்லறைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசும் நிலையில் இல்லாவிட்டாலும், உடன் வருபவர் அதை முதல் மருத்துவரின் கையில் கொடுத்தால் போதும்.